ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையும் எச்ஓ-1 நொதியமும்: ஐஸ் பெட்டிக்குள்ள அது வேலை செய்யுமா?

பாலைப்பழம் (கிளிநொச்சி) எழுதியது:

வணக்கம். உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்கு நொதியங்கள் பற்றி ஒரு கருத்தரங்கு தயாரிக்கிறம். அமிலேசு, பெப்சின் எண்டு ஒவ்வொரு வருசமும் ஒரே உதாரணம்தான் போகுது. இந்த முறை ஹீம் ஒக்சிஜினேஸ்-1 (சுருக்கமா எச்ஓ-1) எண்ட, கலத்துக்குத் தகைப்பு, அதாவது நெருக்கடி, வரேக்க கூடுற நொதியத்தை எடுத்து, மாற்றிப் பொருத்தின ஈரலை அது எப்பிடிக் காப்பாத்துது எண்டு விளக்க யோசனை. வாசிச்சுக்கொண்டு போகேக்க நாலு இடத்தில முட்டுது.

ஒண்டு, இந்த நொதியம் உடைக்கிறது ஹீமை, அதாவது ஈமோகுளோபினுக்குள்ள இரும்பைப் பிடிச்சிருக்கிற வளையத்தை. வாறது காபனோரொட்சைட்டு, இரும்பு, பிலிரூபின். ஒண்டு மூச்சடைக்கிற வாயு, ஒண்டு துருப்பிடிக்கிற உலோகம், மற்றது செங்கமாரியில கண்ணை மஞ்சளாக்கிற பொருள். மூண்டும் கழிவு. இதில பாதுகாப்பு எங்க இருக்கு?

ரெண்டு, ஈரல் பழுதாகிறது ஐஸ் பெட்டிக்குள்ளயா, பொருத்தின பிறகா?

மூண்டு, தகைப்பு வந்தால் கலமே இந்த நொதியத்தை ஆக்கும் எண்டு எழுதியிருக்கு. அப்ப பெட்டிக்குள்ள கிடக்கிற ஈரல் ஏன் தானாகவே ஆக்கித் தப்பக்கூடாது?

நாலு, இதை மருந்து குடுத்துக் கூட்டலாமா? மஞ்சளில இருக்கிற குர்க்குமின் இதைக் கூட்டும் எண்டு கனபேர் பகிருகினம். பிள்ளைகள் கட்டாயம் கேப்பினம்.

தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் விரிவா எழுதினால் உதவி.

---

கனகராயன் (வவுனியா) எழுதியது:

ரீச்சர், முதல் கேள்விக்கு மட்டும் நான் வாறன். மற்றதுக்கு இங்க தியேட்டர் ஆக்களும் டொக்டர்மாரும் இருக்கினம்.

வகுப்பில தொடங்க நல்ல இடம் முழங்காலுக்குக் கீழ அடிபட்ட கண்டல். முதல் நாள் கருநீலம். நாலைஞ்சு நாளில ஓரம் பச்சையாகும். பிறகு மஞ்சள், பிறகு மறைஞ்சிடும். பச்சை எண்டது பிலிவெர்டின், மஞ்சள் எண்டது பிலிரூபின். தோலுக்குக் கீழ கசிஞ்ச செங்குழியத்தைப் பெருவிழுங்கிகள் விழுங்கி, ஹீம் ஒக்சிஜினேஸால ஹீமை வெட்டினதைத்தான் நாங்கள் வெளியில நிறமாப் பாக்கிறம். ஆய்வுகூடம் இல்லாமல் கண்ணால பாக்கக்கூடிய நொதியத் தாக்கம் இதைப்போல கனக்க இல்லை.

தாக்கத்தைச் சமப்படுத்தி எழுதினால்: ஒரு ஹீம், மூண்டு ஒட்சிசன் மூலக்கூறு, ஏழு இலத்திரன். வாறது ஒரு பிலிவெர்டின், ஒரு பெரசு இரும்பு அயன், ஒரு காபனோரொட்சைட்டு. இலத்திரனைக் குடுக்கிறது என்ஏடிபிஎச், சைற்றோகுரோம் பி450 ரிடக்ரேஸ் எண்ட இன்னொரு நொதியத்தின்ர கையால. இடம் அகமுதலுருச் சிறுவலை. பிறகு பிலிவெர்டின் ரிடக்ரேஸ் பச்சையை மஞ்சளாக்கும். 1968 இல தென்கூனன், மார்வர், ஷ்மிட் எண்ட மூண்டு பேர் இந்தத் தாக்கத்தை வெளியிட்டிச்சினம். மூண்டு ஒட்சிசன் எண்டதை அடிக்கோடு போட்டு வையுங்கோ, மூண்டாவது கேள்விக்கு அதுதான் திறப்பு.

இதில ரெண்டு வடிவம் இருக்கு. எச்ஓ-2 எப்பவும் ஒரே அளவில ஓடிக்கொண்டு இருக்கும். எச்ஓ-1 தகைப்பு வந்தால்தான் ஏறும். வெப்பம், ஒட்சியேற்றம், பார உலோகம், ஹீம் எல்லாத்துக்கும் ஏறும். அதின்ர இன்னொரு பெயர் வெப்ப அதிர்ச்சிப் புரதம் 32. 32 எண்டது கிலோடால்ரனில அதின்ர திணிவு. மனிசரில பரம்பரையலகு இருக்கிறது 22 ஆம் நிறமூர்த்தத்தில. சாதாரண நேரம் பாக்1 எண்ட புரதம் அந்தப் பரம்பரையலகில ஏறி இருந்து அமத்தி வைச்சிருக்கும். ஹீம் கூடினால் ஹீமே பாக்1 இல ஒட்டி அதைக் கழட்டிவிடும், அந்த இடத்துக்குப் பரம்பரையலகைத் தூண்டுற என்ஆர்எஃப்2 எண்ட புரதம் வந்து குந்தும், நொதியம் ஆகத் தொடங்கும். தன்னை வெட்டப்போற கத்தியை ஹீம் தானே எடுத்துக் குடுக்குது.

இப்ப "மூண்டும் கழிவு" எண்டதுக்கு வருவம். முதல்ல, ஹீமை அகற்றுறதே அரைவாசிப் பாதுகாப்பு. ஈமோகுளோபினுக்குள்ள அடங்கி இருக்கேக்க ஹீம் நல்ல பிள்ளை. கழண்டு தனிய வந்தால் கலமென்சவ்வின்ர கொழுப்புக்குள்ள போய் இருந்து அதை ஒட்சியேற்றும்.

காபனோரொட்சைட்டு: கூடினால்தான் நஞ்சு. ஈமோகுளோபினோட ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டும், பூட்டின அறைக்குள்ள ஜெனரேற்றர் ஓட்டிச் சாகிறது அதாலதான். ஆனால் உடம்பு தானே ஒவ்வொரு நாளும் இதை ஆக்குது. பிள்ளைகளுக்கு மூல் கணக்காக் குடுக்கலாம்: நாளுக்கு 300 மில்லிகிராம் பிலிரூபின் ஆகுது, மூலர்த்திணிவு 585, அப்ப ஏறக்குறைய அரை மில்லிமூல். அதே அளவு காபனோரொட்சைட்டு, அதாவது 10, 12 மில்லிலீற்றர். இந்தச் சின்ன அளவு குவானிலேற் சைக்கிளேஸ் எண்ட நொதியத்தைத் தூண்டி, ஈரலுக்குள்ள இருக்கிற சைனுசொயிட் எண்ட நுண்குழாயளைச் சுத்தியிருக்கிற கலங்களைத் தளர்த்தும். குழாய் திறந்து நிக்கும், இரத்தம் ஓடும். கலம் தற்கொலைப் பாதையில போறதையும் அது மட்டுப்படுத்தும்.

பிலிரூபின்: கொழுப்பில கரையிற நல்ல ஒட்சியேற்ற எதிரி. மென்சவ்வுக்குள்ளயே நிண்டு சுயாதீன மூலிகங்களைப் பிடிக்கும்.

இரும்பு: இதுதான் உண்மையில ஆபத்தான ஆள். பெரசு அயனும் ஐதரசன் பேரொட்சைட்டும் சந்திச்சால் ஐதரொட்சில் மூலிகம் வரும், வந்த மூலிகத்தை அழிக்க எந்த நொதியமும் இல்லை. ஆனால் இரும்பு வெளிய வாறதோட பெரிற்றின் எண்ட களஞ்சியப் புரதமும் கூடுது, அது அள்ளிப் பூட்டி வைக்கும். பெரிற்றின் ஈடுகொடுக்காத அளவுக்கு எச்ஓ-1 ஏறினால் காவல்காரனே கள்ளனாகிற நிலைமை வரும். "கூடக் கூட நல்லது" எண்டு ஸ்லைடில எழுதிப்போடாதேங்கோ.

இந்த நொதியம் இல்லாட்டி என்ன நடக்கும் எண்டதுக்கு மனிச உதாரணமே இருக்கு. 1999 இல ஜப்பானில எச்ஓ-1 பிறவியிலேயே இல்லாத ஒரு சிறுவனைப் பற்றி முதன்முதலா அறிக்கை வந்தது. இரத்தச் செங்குழியம் உடைவு, குருதிக்கலன் உட்சுவரில கடுமையான சேதம், இரும்பு படிவு. செங்குழியம் அவ்வளவு உடைஞ்சும் பிலிரூபின் ஏறேல்லை. ஏன் ஏறேல்லை எண்டதை வினாத்தாளில கேக்கலாம்.

---

முல்லைக்கடல் (முல்லைத்தீவு) எழுதியது:

ரெண்டாவது கேள்விக்கு. ஐஸ் பெட்டி எண்டதும் பிள்ளையளுக்கு மீன்வாடியில ரெஜிபோம் பெட்டிக்குள்ள ஐஸை உடைச்சுப் போட்டு, மீனை அடுக்கி, மேல திரும்ப ஐஸ் போடுற காட்சிதான் வரும். அதை முதல்ல அழிக்க வேணும். ஈரல் ஒருக்காலும் ஐஸில நேரே தொடக்கூடாது.

நடக்கிற ஒழுங்கு இதுதான். மூளைச்சாவு உறுதியாக்கப்பட்ட கொடையாளியில, பெருநாடிக்குக் குழாய் போட்டு, கிளாம்ப் போட முதல் ஹெப்பாரின் குடுக்கிறது, கிலோவுக்கு 300 அலகு கணக்கில. கிளாம்ப் விழுந்த நிமிசத்தைச் சுவர் மணிக்கூட்டைப் பாத்துச் சத்தமாச் சொல்லி எழுத வேணும், ஏன் எண்டால் குளிர் நேரம் அதிலயிருந்துதான் ஓடத் தொடங்கும். உடனே 4 பாகை செல்சியசில இருக்கிற பாதுகாப்புத் திரவத்தைப் பெருநாடியாலயும் ஈரல் வாயினாளத்தாலயும் விட்டு இரத்தத்தைக் கழுவி எடுக்கிறது. லீற்றர் கணக்கில போகும். வயித்துக்குள்ளயும் நொருக்கின ஐஸ் போடுவினம். ஈரல் சிவப்பு மாறி வெளிறின மண் நிறத்துக்கு வரவேணும். ஒரு மூலை மட்டும் கறுப்பாத் திட்டாக் கிடந்தால் அந்தப் பக்கம் கழுவுப்படேல்லை.

பித்தக்கானையும் மெதுவாக் கழுவ வேணும். அதை மறந்தால் உள்ள நிக்கிற பித்தம் கானின்ர உட்படையை அரிச்சுப்போடும். கிழமைகள், மாதங்கள் கழிச்சுக் கான் ஒடுங்கி நிக்கேக்க ஒருத்தருக்கும் காரணம் ஞாபகம் வராது.

பிறகு பை. முதல் பையில ஈரலும் திரவமும், காத்து இல்லாமல் கட்டு. ரெண்டாவது பையில குளிர்ந்த சேலைன், அதுக்குள்ள முதல் பை. மூண்டாவது பை வெளியில. அதுக்குப் பிறகுதான் பெட்டி, ஐஸ். ஐஸும் உருகிக்கொண்டு இருக்கிற ஐஸாத்தான் இருக்கவேணும். உறைபெட்டியில இருந்து நேரே எடுத்த ஐஸ் பூச்சியத்துக்குக் கீழ கனக்க நிக்கும், படுற இடம் உறைஞ்சு கலம் வெடிக்கும். பையில இரத்த வகை, கிளாம்ப் நேரம் எழுதி ஒட்டவேணும். கொடையாளியின்ர தொடைப்பக்கம் போற நாடி, நாளத்திலயும் ஒரு துண்டு சேர்ந்து வரும், ஒட்டுப்போடத் தேவைப்பட்டால் எடுக்க.

பாதுகாப்புத் திரவத்தில பழசும் பேர்பெற்றதும் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத் திரவம். பெல்சர், சதர்ட் எண்டவை 1980களில ஆக்கினது. அதில லக்ரோபயோனேற், ரஃபினோசு இருக்கு, கலம் தண்ணி இழுத்து வீங்காமல் பிடிக்க. குளுத்தாதயோனும் அலோபியூரினோலும் ஒட்சியேற்றத்துக்கு எதிர். அடினோசின், கலத்தின்ர சக்தி மூலக்கூறான ஏரிபியை ஆக்க. பொற்றாசியம் லீற்றருக்கு ஏறக்குறைய 125 மில்லிமோல்.

அந்த 125 ஐ ஞாபகம் வைச்சிருங்கோ. இரத்தத்தில இருக்கவேண்டியது 3.5 தொடக்கம் 5. கழுவாமல் இரத்தத்தைத் திறந்துவிட்டால் அவ்வளவு பொற்றாசியமும் குளிரும் நேரே இதயத்துக்குப் போகும், இதயம் நிண்டிடும். அதால பொருத்திக்கொண்டு இருக்கேக்கயே அல்புமின் அல்லது ரிங்கர் திரவத்தால கழுவி, முதல் வாற இரத்தத்தில கொஞ்சத்தை வெளிய விடுறது. கிளாம்ப் கழட்ட முதல் கல்சியமும் அட்ரினலினும் ஊசியில ஏத்தி மயக்கமருந்து டொக்டரின்ர கையெட்டில இருக்கவேணும். கழட்டி முதல் 5 நிமிசத்துக்குள்ள சராசரி இரத்த அழுத்தம் 30 சதவீதத்துக்கு மேல விழுந்து ஒரு நிமிசமாவது நிண்டால், மீள்குருதியோட்டக் குறித்தொகுதி எண்டு பதிவினம்.

உங்கட கேள்விக்குப் பதில் இந்த இடத்திலதான் இருக்கு, ரீச்சர். குளிரில ஈரல் மெலியுது, இரத்தம் திரும்பினாப் பிறகுதான் அடி விழுது. கோடை முழுக்கக் காஞ்சு வெடிச்ச வாய்க்காலுக்குக் குளத்துத் துருசை ஒரேயடியாத் திறந்துவிட்டால் என்ன நடக்கும் எண்டு இரணைமடுப் பக்கத்துப் பிள்ளையளுக்குச் சொல்லத் தேவையில்லை.

---

ஓமந்தைச்சந்தி எழுதியது:

முல்லைக்கடல் அக்கா சொன்னதை உடற்றொழிலியலில் ஒரு படி உள்ளே கொண்டு போகிறேன்.

4 பாகையில் அனுசேபம் நின்றுவிடுவதில்லை. 5 முதல் 10 சதவீதம் வரை ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் ஒட்சிசன் இல்லை. ஏரிபி உடைந்து உடைந்து ஹைப்போசாந்தினாகக் குவிகிறது. இழைமணிக்குள் சக்சினேற் என்ற அனுசேப இடைப்பொருள் குவிகிறது. சைனுசொயிட்டின் உட்சுவர்க் கலங்கள் உருண்டு கழலத் தொடங்குகின்றன. குளிரை மிகவும் தாங்காதவை அவைதான், ஈரற்கலங்கள் அல்ல. குளிர் நேரத்தைப் பொதுவாக 12 மணித்தியாலத்துக்குள், முடிந்தால் 8க்குள் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

இரத்தம் திரும்பியதும் ஒட்சிசன் ஒரேயடியாக வருகிறது. குவிந்திருந்த சக்சினேற் வேகமாக எரிந்து இலத்திரன்கள் பின்னோக்கி ஓட, இழைமணியே சுப்பரொட்சைட்டைக் கக்குகிறது. ஹைப்போசாந்தினைச் சாந்தின் ஒக்சிடேஸ் பிடித்து இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது (திரவத்தில் அலோபியூரினோல் இருப்பது இதற்காக). ஈரலுக்குள் குடியிருக்கும் பெருவிழுங்கிகளான கூப்பர் கலங்கள் விழித்து, சைற்றோகைன்கள் என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதங்களை விடுகின்றன. சில மணித்தியாலங்களில் நியூத்திரோபில் என்ற வெண்குழியங்கள் வந்து அடைக்கின்றன. உடைந்த செங்குழியங்களிலிருந்து ஹீமும் வருகிறது. எச்ஓ-1 தேவைப்படும் இடம் இந்தச் சில மணித்தியாலங்கள்தான்.

இப்போது மூன்றாவது கேள்வி. பெட்டிக்குள் ஈரல் ஏன் தானாக ஆக்கிக்கொள்ளவில்லை? இரண்டு காரணம். முதலாவது, பரம்பரையலகைப் படித்து, அதன் நகலான எம்ஆர்என்ஏ எழுதி, புரதம் கோர்க்க ஏரிபியும் சூடும் வேண்டும். 4 பாகையில் அந்தத் தொழிற்சாலை ஏறக்குறையப் பூட்டு. இரண்டாவது, ஏற்கெனவே இருக்கும் நொதியத்துக்கும் கனகராயன் அடிக்கோடு போடச் சொன்ன மூன்று ஒட்சிசன் மூலக்கூறு கிடைக்காது. ஆகவே ஈரல் பெட்டிக்குள் போகும்போது என்ன கையிருப்போடு போகிறதோ, கிளாம்ப் கழற்றும் நிமிடத்தில் அதே கையிருப்புத்தான். அதற்குப் பிறகு புதிதாக ஆக்கி அளவு ஏற மணிக்கணக்காகும். முதல் அடி அதற்குள் விழுந்துவிடும்.

இதனால்தான் விலங்குப் பரிசோதனைகளில் எப்போதும் முற்கூட்டியே கொடுக்கிறார்கள். 1999 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் குழுவொன்று, பிறவியிலேயே கொழுத்த சக்கர் எலிகளின் ஈரலில் இதைக் காட்டியது. கோபால்ற் புரோட்டோபோர்பிரின் கொடுத்தோ பரம்பரையலகை வைரஸில் ஏற்றியோ எச்ஓ-1 ஐ உயர்த்தியபோது ஈரல்கள் தப்பின. நாகப் புரோட்டோபோர்பிரினால் நொதியத்தை அடைத்தபோது அந்தப் பலன் போய்விட்டது. இந்த எதிர்ச் சோதனைதான் முக்கியம். உயர்த்தினால் நன்மை என்று மட்டும் காட்டினால் மருந்தின் வேறு விளைவாகவும் இருக்கலாம். அடைத்தால் நன்மை போகிறது என்றும் காட்டினால்தான் நொதியத்தின் மேல் பழி போடலாம்.

கொழுத்த ஈரலைத் தேர்ந்ததும் சும்மா இல்லை. கொழுப்புத் துளி நிறைந்த கலம் வீங்கி சைனுசொயிட்டை நெருக்குகிறது, கொழுப்பே ஒட்சியேற்றத்துக்கு விறகு. பெருந்துளிக் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டினால் சத்திரசிகிச்சை நிபுணர் யோசிக்கத் தொடங்குவார், 60 தாண்டினால் பெரும்பாலும் எடுக்க மாட்டார். ஒதுக்கப்படும் ஈரல்களில் சிலவற்றையாவது மீட்கலாமா என்பதே இந்த ஆராய்ச்சியின் உண்மையான பசி.

மனிதரில் படம் இவ்வளவு துப்புரவில்லை. நெதர்லாந்தின் குரோனிங்கனில் 2005 இல் வந்த ஆய்வு எனக்கு எல்லாவற்றிலும் சுவையானது. பொருத்த முன்பே எச்ஓ-1 உயர்ந்திருந்த ஈரல்கள் நன்றாக இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? மறுவளம். முன்பு தாழ்வாக இருந்து, பொருத்திய பின் ஏறியவையே குறைவாகச் சேதப்பட்டன. முன்பே உயர்ந்திருந்தவை மேலே ஏற முடியாமல் நின்றன. கொடையாளியின் உடலிலேயே அந்த ஈரல் அடிபட்டுத் தன் கையிருப்பைச் செலவழித்துவிட்டது என்று ஒரு விளக்கம். ஆக ஒரே நொதியம் சிலவேளை கவசம், சிலவேளை காயத்தின் அடையாளம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விட்டால் எலிக் கதையோடு வீட்டுக்குப் போவார்கள்.

லொஸ் ஏஞ்சல்ஸ் குழுவே பின்னர் மனித ஈரலில், குளிரில் வைத்த பின் ஒருமுறையும், இரத்தம் விட்டு ஏறக்குறைய 2 மணித்தியாலத்தில் ஒருமுறையும் சிறு துண்டு எடுத்துப் பார்த்தது. பிந்திய துண்டில் எச்ஓ-1 உயர்ந்தவற்றில் சேர்ட்1 என்ற புரதமும், கலம் தன் பழுதான பாகங்களைத் தானே தின்று துப்புரவாக்கும் செயன்முறையும் உயர்ந்திருந்தன. ஈரலின் தொழிற்பாடும் நன்று. பெருவிழுங்கிகளிலும் எச்ஓ-1, சேர்ட்1 என்ற இதே தொடர் அழற்சியைத் தணிக்கிறது என்று எலியில் காட்டியிருக்கிறார்கள்.

சிகிச்சையாக்க மூன்று வழி பேசப்படுகிறது. கொடையாளிக்கு முன்கூட்டி மருந்து: கோபால்ற் சேர்மானம் மனிதருக்கு ஆகாது. போர்பிரியா நோய்க்கு ஏற்கெனவே பாவனையில் உள்ள ஹீம் ஆர்ஜினேற் எச்ஓ-1 ஐ உயர்த்தும். எடின்பரோவில் சிறுநீரகம் பெறுவோரில் பரீட்சித்தபோது இரத்தக் கலங்களில் நொதியம் உயர்ந்தது. ஆனால் மூளைச்சாவடைந்த ஒருவரின் உறுப்புகள் பல பேருக்குப் போகின்றன. ஈரலுக்காகக் கொடுக்கும் மருந்து சிறுநீரகம் பெறுபவரையும் தொடும், அவருடைய சம்மதமும் வேண்டும். இரண்டாவது, எடுக்கும் முன் ஈரலின் இரத்தத்தை 10 நிமிடம் மறித்து 10 நிமிடம் விடுவது. எலியில் அழகாக வேலை செய்தது, மனிதரில் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, வழக்கமாகவில்லை.

மூன்றாவது இயந்திரம். எனக்கு நம்பிக்கை இங்கேதான். 10 பாகையளவில் ஒட்சிசன் ஏற்றிய திரவத்தை ஓரிரு மணித்தியாலம் ஓட்டினால் இழைமணி சக்சினேற்றை மெதுவாக எரித்து முடிக்கிறது, பிறகு இரத்தம் வரும்போது வெடிப்பில்லை. இதயம் நின்றபின் எடுத்த 160 ஈரல்களில் நடத்திய பரீட்சையில் பித்தக்கான் ஒடுக்கம் 18 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தது. 2021 இல் வெளிவந்தது. 37 பாகையில் இரத்தம் ஓட்டும் இயந்திரமும் உண்டு. 2018 இல் வந்த 220 மாற்றுச் சத்திரசிகிச்சைகளின் பரீட்சையில் ஈரற்சேதம் அரைவாசியானது, ஒதுக்கப்பட்டவையும் அரைவாசியாகின. இவை எச்ஓ-1 க்காகச் செய்த பரீட்சைகள் அல்ல. ஆனால் 37 பாகையில் ஒட்சிசனும் ஏரிபியும் இருக்கின்றன, தொழிற்சாலை திறந்திருக்கிறது. ஆளுக்குக் கொடுக்காமல் ஈரலுக்கு மட்டும் மருந்து கொடுத்து, நொதியம் ஏறும்வரை காத்திருந்து, பிறகு பொருத்தலாம். மற்ற உறுப்பைத் தொடும் சிக்கலும் இல்லை.

வன்னிக் கணக்கொன்று வேண்டுமென்றால்: கிளிநொச்சியிலிருந்து கொழும்பு ஏ9 வழியாக ஏறக்குறைய 330 கிலோமீற்றர். வீதியில் ஆறு ஏழு மணித்தியாலம், ஈரலை எடுத்துக் கட்ட, அங்கே மேசையில் சீர்செய்ய, தைக்க என்று கூட்டினால் 8 ஐத் தாண்டி 10 ஐத் தொடும். ஆரோக்கியமான ஈரல் தாங்கும். கொழுத்த ஈரல் தாங்குவது சந்தேகம். பெறுபவரைத் தியேட்டருக்குள் எப்போது எடுப்பது என்பதைப் பெட்டி புறப்படும் நேரத்தோடு இசைக்காவிட்டால் இன்னும் ஒரு மணித்தியாலம் வீணாகும்.

---

பாலைப்பழம் எழுதியது:

மூண்டு பேருக்கும் நன்றி. குரோனிங்கன் விசயம் வகுப்பைக் கலக்கப்போகுது. ரெண்டு துணைக்கேள்வி. பொருத்தின ஆளின்ர பிலிரூபின் ஏறினால் எச்ஓ-1 வேலை செய்யுது எண்டு எடுக்கலாமா? மற்றது, மஞ்சள் கேள்வியை ஒருத்தரும் தொடேல்லை.

---

தண்ணிமுறிப்பு எழுதியது:

மஞ்சளுக்கு நான் வாறன், ரீச்சர்.

குர்க்குமின் எச்ஓ-1 ஐக் கூட்டும் எண்டது பொய் இல்லை. வளர்ப்புத் தட்டில இருக்கிற கலத்தில கூட்டும். ஆனால் குடிச்ச குர்க்குமின் குடலால உறிஞ்சப்படுறது மிகக் குறைவு, உறிஞ்சினதையும் குடற்சுவரும் ஈரலும் உடனே மாத்தி வெளிய அனுப்பும். தட்டில ஊத்தின செறிவு இரத்தத்தில வராது. கறிக்குப் போடுற மஞ்சளால ஒரு பிரச்சினையும் இல்லை, ஒரு மருத்துவமும் இல்லை.

பிரச்சினை குப்பியில வாற மாத்திரைதான். உறிஞ்சலைக் கூட்ட அதுக்குள்ள மிளகில இருந்து எடுத்த பைப்பரினும் சேர்ப்பினம். அந்த மாத்திரையளாலயே ஈரல் அழற்சி வந்த ஆக்கள் மருத்துவப் பதிவில இருக்கினம். ஈரலைக் காக்க எண்டு குடிச்சு ஈரலைக் கெடுக்கிற வேலை.

மாற்று ஈரல் பொருத்தின ஆளுக்கு இது இன்னும் மோசம். அவை வாழ்நாள் முழுக்கக் குடிக்கிற, நிராகரிப்பைத் தடுக்கிற டக்ரோலிமஸ் மருந்தின்ர அளவு மிக ஒடுங்கின இடைவெளிக்குள்ள நிக்கவேணும். கூடினால் சிறுநீரகம் பழுதாகும், கை நடுங்கும். குறைஞ்சால் உடம்பு ஈரலை நிராகரிக்கும். அந்த மருந்தை உடைக்கிறது குடலிலயும் ஈரலிலயும் இருக்கிற சைற்றோகுரோம் பி450 3ஏ4 எண்ட நொதியம். பைப்பரின், கிரேப்ஃபுருட் எல்லாம் அந்த நொதியத்தை அடைச்சு மருந்தின்ர அளவை ஏத்தும். பம்பளிமாசும் அதே குடும்பம், தவிர்க்கச் சொல்லுறது அதாலதான். கீழ்காய்நெல்லி, வேறை கசாயம் எதுவெண்டாலும் சிகிச்சை நிலையத்தைக் கேளாமல் வாயில வைக்கக்கூடாது. குடிச்சிருந்தால் ஒளிக்காமல் சொல்லவேணும். இரத்தத்தில மருந்தின்ர அளவைத் திரும்பப் பாத்து மாத்திரையை மாத்துவினம். "இயற்கைதானே" எண்டு வீட்டில பெரியாக்கள் அன்போட குடுக்கிறதுதான் அனேகமா இடறுது.

---

கனகராயன் எழுதியது:

பிலிரூபின் கேள்விக்கு: இல்லை, எடுக்கேலாது. பொருத்தின ஆளில பிலிரூபின் ஏற ஆயிரம் வழி. ஏத்தின இரத்தம் உடைஞ்சிருக்கும், கான் அடைபட்டிருக்கும், நிராகரிப்பாயிருக்கும், ஈரற்கலம் பித்தத்துக்குள்ள தள்ள ஏலாமல் நிக்கும். மருத்துவமனையில அதை எதிர்ப்பக்கமாத்தான் வாசிப்பினம்: ஏழாம் நாளில பிலிரூபின் டெசிலீற்றருக்கு 10 மில்லிகிராமோ மேலயோ, இரத்தம் உறையச் சுணங்குறதைக் காட்டுற ஐஎன்ஆர் 1.6 ஓ மேலயோ, முதல் ஏழு நாளுக்குள்ள ஈரற்கலம் பழுதானால் இரத்தத்துக்கு வாற நொதியங்களான ஏஎஸ்ரி அல்லது ஏஎல்ரி 2000 ஐத் தாண்டினதோ, இதில ஒண்டு இருந்தாலே ஈரல் தொடக்கத்தில தடுமாறுது எண்டு எடுப்பினம்.

எச்ஓ-1 ஐ அளக்க இழையத் துண்டுதான் வேணும். புரதங்களைத் திணிவுப்படி பிரிச்சுக் காட்டுற வெஸ்ரேண் புளொட் சோதனையில 32 கிலோடால்ரன் பக்கம் பட்டி வரும். 36 இல ஒண்டு தெரிஞ்சால் அது எச்ஓ-2. பிறபொருளெதிரி ரெண்டையும் பிடிச்சால் ஆக்கள் ஏமாறுவினம். 28 பக்கம் ஒரு மெல்லிய பட்டி வந்தால் அது நொதியத்தின்ர வெட்டுப்பட்ட வடிவம், கருவுக்குள்ள போய்ச் சேரும், ஹீமை வெட்டாது. எம்ஆர்என்ஏயை மட்டும் பாத்து "நொதியம் கூடிச்சு" எண்டு எழுதுறதும் பிழை, எழுதின கடிதம் எல்லாம் போய்ச் சேருறேல்லை. துண்டை எடுத்த உடனே திரவ நைதரசனில போடாமல் மேசையில வைச்சுக் கதைச்சுக்கொண்டு நிண்டால் அதுவே தகைப்பாகி அளவு மாறும். நுண்காட்டியில பாத்தால் சாதாரண ஈரலில நிறம் ஏறுறது கூடுதலாக் கூப்பர் கலத்தில, ஈரற்கலத்தில இல்லை. ஆர் ஆக்கினது எண்டு கேளாமல் மொத்தமா அரைச்சு அளந்தால் அந்த விசயம் தொலைஞ்சிடும்.

ஒரு பக்கக்கதை, பிள்ளையளுக்குப் பிடிக்கும்: பிறந்த குழந்தையளின்ர மஞ்சளுக்கு இதே நொதியத்தை அடைக்கிற வெள்ளீய மெசோபோர்பிரினைப் பரீட்சிச்சிருக்கினம். ஓரிடத்தில ஏத்தப் பாடுபடுகினம், மற்ற இடத்தில இறக்க.

---

பாலைப்பழம் எழுதியது:

சுவர்ப்படம் கீறத் தொடங்கிட்டம். இடப்பக்கம் ஹீம் வளையம், நடுவில எச்ஓ-1, வலப்பக்கம் மூண்டு அம்பு. கீழ நேரக்கோடு: கிளாம்ப், பெட்டி, கழுவல், கிளாம்ப் கழட்டல், 2 மணித்தியாலம், 7 நாள். பெட்டி இருக்கிற துண்டை நீலமாத் தீட்டி அதுக்குள்ள நொதியத்தைப் பூட்டோட கீறியிருக்கிறம். பிழை இருந்தால் சொல்லுங்கோ.

---

கனகராயன் எழுதியது:

பூட்டு நல்லம். ரெண்டு திருத்தம். வளையத்தைத் திறக்கேக்க காபனோரொட்சைட்டா வெளியேறுற காபன் வளையத்திலயே, அல்பா பாலம் எண்ட இணைப்பில இருக்கிறது, நடு இரும்புக்குப் பக்கத்தில அம்பைக் குத்தாதேங்கோ. மற்றது, நொதியத்துக்கு நேரே வலப்பக்கம் வாறது பிலிவெர்டின், அதைப் பச்சையாத் தீட்டுங்கோ. அடுத்த அம்பு தாண்டித்தான் மஞ்சள். விட்டால் பிள்ளையள் ரெண்டுக்கும் மஞ்சள் அடிச்சுப்போடுவினம்.